கடலோரத்தில் நின்ற கோடு

“…தெரியாத எடத்துக்குக் கூட ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்களே சார், உங்க பொஸ்தகத்துல. எனக்கு மட்டும் இன்னா, எல்லாம் தெரிஞ்சாத்தான் வழியா?”

என் சின்னம்மா இதைக் கேட்டது, சாமை அடித்து முடித்த களத்தின் நடுவில் நின்றுகொண்டு. கேட்கப்பட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார். சுற்றிலும் ஊர் உட்கார்ந்திருந்தது. இதற்கு முன்னால் அவள் என்னவோ சொன்னாள். அதைக் காற்று கொண்டுபோய்விட்டது, சாமை தூற்றுவதற்கென்றே மலையில் வீசுகிற கார்த்திகைக் காற்று. காதில் விழுந்த மிச்சம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகன் லாரி ஓட்டுகிறான். வண்டி எங்கே போகிறது என்று மருமகள் போனில் பார்ப்பாள். “அத்தே, ஓசூர் தாண்டிட்டாருங்க” என்று என் கண்ணுக்கு நேராகத் திரையை நீட்டுவாள். ஒரு நீலப் புள்ளி ஊர்ந்துகொண்டிருக்கும். நல்லதுதான், மனசுக்கு நிம்மதிதான். ஆனால் பார்த்து முடித்ததும் எனக்கு ஓர் அசதி வந்து உட்கார்ந்துகொள்ளும். முழங்கால் வலி வேறு, இது வேறு. கட்டினவன் எங்கே போனான் என்று தெரியாமல் ஒருத்தி எத்தனை உரல் சாமை குத்தினாள் என்பதை அந்தப் புள்ளிக்கு யார் சொல்வது?

நான் படித்தது கொஞ்சம். மலையில் எட்டாம் வகுப்பு வரை. மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும், போளூர் நூலகத்திலும், வாய் ஓயாமல் பேசுகிறவர்களிடமும் பொறுக்கிக்கொண்டேன். ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் வாணியம்பாடிக்காரர். தோல் மண்டி வைத்திருந்த குடும்பம். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘பாய் சார்’. முதல் வேலையே எங்கள் மலையில். தபால் வழியில் சரித்திரத்தில் பெரிய படிப்பு ஒன்று படித்துக்கொண்டிருந்தார். மழைக்கு முந்தைய ஆனி மாசம், போளூரில் இருந்து எப்போதாவது வருகிற பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கை, கக்கத்தில் ஓர் அட்லஸ். பெட்டியையும் படுக்கையையும் தூக்க ஆள் விட்டார். அட்லஸை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

மண்டியில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோலால் அவரே அதற்கு அட்டை தைத்திருந்தார். மழை ஈரத்தில் அந்தத் தோல் வாடை கிளப்பும். எங்கள் வகுப்பில் ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டு, “சார், ஒலகம் கெடா நாத்தம் அடிக்குது” என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் மூக்கையும் கொண்டுபோய் வைத்து, ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்.

அதற்கு முன் நாங்கள் பார்த்திருந்தது சுவரில் தொங்கிய இந்தியா படம் ஒன்றுதான். அது இன்றைக்கு இருக்கிற நாட்டின் படம். இந்த அட்லஸ் வேறு ஜாதி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு காலம். நிலம் ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கத்தில் பச்சையாக இருந்த ராஜ்ஜியம் அடுத்த பக்கத்தில் மஞ்சளாகி, அதற்கடுத்த பக்கத்தில் இல்லாமலே போயிருக்கும். அதன் மேல் பழைய காலத்துப் பிரயாணிகள் போன வழிகள் சிவப்புக் கோடாக ஓடும். சீனாவில் இருந்து புத்தர் ஊரைத் தேடி வந்த துறவி, வெனிஸ் பட்டணத்து வியாபாரி, மொராக்கோவில் கிளம்பி உலகத்தில் பாதியைச் சுற்றியவர், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நம் மேற்குக் கரைக்கு வந்த மாலுமி. கடலில் சின்னச் சின்ன அம்புகள், எந்த மாசம் எந்தக் காற்று என்று.

எங்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு நாள் வந்து, சீனத் துறவியின் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, நம்ம மலை இதில் இருக்கிறதா என்று கேட்டார். வாத்தியார் கம்பளிப்பூச்சி மாதிரி இருந்த ஒரு பழுப்புக் கறையைக் காட்டினார். பேர் போட்டிருக்கிறதா என்றார் கவுண்டர். இல்லை. கவுண்டர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

“அப்ப அவனுக்கு நம்மளத் தெரியாது, நமக்கும் அவனத் தெரியாது. ரெண்டு பக்கமும் சரியாப் போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அட்லஸால் என்ன பிரயோஜனம் என்று வாத்தியார் சொன்னது எனக்கு இன்றும் புரிகிறது. பிரயாணிகள் எழுதி வைத்த புத்தகத்தை வெறுமனே படித்தால் ஊர்ப் பேர்களாக வந்துகொண்டே இருக்குமாம். இங்கிருந்து அங்கே போனேன், அங்கிருந்து இங்கே போனேன். அந்த ஊர்கள் பாதி இன்றைக்கு இல்லை, மீதிக்குப் பேர் மாறிவிட்டது. இன்றைய படத்தில் தேடினால் கிடைக்காது. எழுதினவர் வாழ்ந்த காலத்துப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான், தெற்கே போக வேண்டியவர் எதற்கு மேற்கே சுற்றினார் என்பது தெரியும். நடுவில் பாலைவனம் இருக்கும், இல்லாவிட்டால் இரண்டு ராஜாக்களுக்குச் சண்டை நடந்துகொண்டிருக்கும். ஒரு துறைமுகத்தில் மாசக்கணக்காக ஏன் சும்மா கிடந்தார் என்றால், அம்பைப் பார்க்க வேண்டும், காற்று திரும்பக் காத்திருந்தார். எழுதினவர் சொல்லாமல் விட்டதை அட்லஸ் சொல்லிவிடும்.

இன்னொன்றும் சொன்னார். போனதற்குச் சாட்சி இருக்கிற இடமெல்லாம் முழுக்கோடு. இந்த வழியாகத்தான் போயிருப்பார் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்த இடமெல்லாம் புள்ளிக்கோடு. ஓரிடத்தில் கோடு நின்றுபோனால் ஆள் அங்கே நின்றுவிட்டார் என்று நினைக்கக்கூடாது, நம் கைக்கு வந்த சேதிதான் அங்கே நின்றது.

இதை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் என் சின்னம்மா நின்றிருந்தாள். தலையில் சாமை அரிசிக் கூடை. வாத்தியாருக்குச் சமையல் சாமான் அவள் மாமியார் வீட்டில் இருந்துதான் போகும். முழங்கை வரைக்கும் தவிட்டுப் பூச்சு. கூடையை இறக்கவே இல்லை, அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை. தாய்வீடு என்று அவளுக்கு இருந்தது எங்கள் வீடுதான். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சரிவில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை. சித்தப்பா, சில அறுப்புகளுக்கு முன்னால், காப்பிக்கொட்டை பறிக்க ஆள் பிடித்த மேஸ்திரியோடு கீழே இறங்கிப் போனவர். கூடப் போனவர்கள் கோடைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் வரவில்லை. மாமனார் படுத்த படுக்கை. மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவள். மாடு, காடு, களை, உரல், தண்ணீர்க் குடம் எல்லாம் இவள் தலையில். எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்த உடனே கண் சொருகிவிடும். “காலைல எழுந்திருக்கறது நானா, இன்னொருத்தியான்னே தெரியல அக்கா” என்பாள். அவள் சலித்துக்கொண்டு சொல்வதில்லை. வானம் மூடியிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்வாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ முடியாது என்றால் ஊர் கூடும். ஒரு சாமைத் துரும்பை எடுத்து ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை அவள் பிடிப்பாள். ஊர்க்கவுண்டர் ‘ம்’ என்றதும் முறிப்பார்கள். அவ்வளவுதான், அறுந்தது. அவள் தாய்வீட்டுக்குப் போகலாம், மறுபடி கட்டிக்கொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கீழ்நாட்டுப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் அது கிடையாது. ஆனால் துரும்புக்கு இரண்டு ஆள் வேண்டும். ஆள் செத்துவிட்டால் துரும்பே வேண்டாம், தாலியை இறக்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆள் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாவிட்டால்? அதற்கு எங்களிடம் வழி இல்லை. சின்னம்மா அந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு வழி பண்ணு அக்கா” என்று ஒரு நாள் அம்மாவிடம் வந்து நின்றாள். அவள் கேட்டது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதற்கு ஒரு வழி. நாங்கள் எல்லோரும் அவள் புருஷனைக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம். என் அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், வாத்தியாரும் அப்படித்தான். இத்தனை வயசுக்குப் பிறகு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள் ஏக்கம் என்றார்கள். அது அசதி.

அம்மா போய் வாத்தியாரிடம் சொல்லி அழுதாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாவம், தப்பாக நினைக்காதீர்கள், பரீட்சைக்காகப் படித்த ஒன்று நேரில் ஒருவருக்கு உதவப்போகிறது என்ற சந்தோஷம். பழைய பிரயாணிகளைத் தேடுகிற மாதிரியே தேடிவிடலாம் என்றார். பார்த்தவர்கள் யார், எங்கே, எந்த மாசத்தில் என்று கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் படத்தில் வைக்க வேண்டும். நடுவில் இருக்கிற இடத்தை மலையும் ஆறும் காற்றும் சொல்லும்.

அட்லஸில் இருந்து எங்கள் பக்கத்தையும் மேற்குக் கரையையும் அரபு நாட்டுக் கடலையும் பிரதி எடுக்கிற வேலை எங்களுக்கு. வெள்ளைக் காகிதத்தில் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்தால் கண்ணாடி போல ஆகிவிடும். கை முழுக்கப் பிசுபிசுப்பு, பென்சில் வழுக்கும், எறும்பு மொய்க்கும். அரபிக்கடலில் நசுங்கிச் செத்த எறும்பு ஒன்று கடைசி வரைக்கும் ஒரு தீவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதம் இப்போது எங்கே போனதோ. அட்லஸும்தான். மாற்றல் வந்தபோது அவர் கக்கத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சேதிகள் ஒவ்வொன்றாக வந்தன. காப்பித் தோட்டத்தில் தை வரைக்கும் இருந்தார் என்று மேஸ்திரி சொன்னான். மிளகு மூட்டை ஏற்றிய லாரியில் மேற்கே இறங்கிப் போனார் என்று கூடப் பறித்த பக்கத்து ஊர்க்காரர் சொன்னார். வாணியம்பாடியில் வாத்தியாருடைய மாமா ஒருவர், தோல் கட்டுகளோடு மேற்குக் கரைக்குப் போய் வருகிறவர், அங்கே துறைமுகத்தில் ஓடு ஏற்றுகிற கூலிகளில் எங்கள் மலைப் பேச்சு பேசுகிற ஒருவரைப் பார்த்திருந்தார். நெற்றித் தழும்பு வரைக்கும் அடையாளம் சரியாக இருந்தது. அது மாசிக் கடைசி. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு சேதி வரும்போதும் சின்னம்மா வந்து படத்தைப் பார்ப்பாள். சீக்கிரமே படிக்கப் பழகிவிட்டாள். அட்லஸையும் புரட்டச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு நாள் அந்த மொராக்கோக்காரரின் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனவள், “இவங்களுக்கெல்லாம் பொண்டாட்டி இருந்தாங்களா சார்?” என்று கேட்டாள்.

இருந்திருப்பார்கள் என்றார் வாத்தியார்.

“அவங்க எந்தப் பக்கத்துல கீறாங்க?”

அவர் பக்கங்களைப் புரட்டினார். தேடுகிற மாதிரி புரட்டினாரே தவிர, அதில் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அட்லஸ் போனவர்களைத்தான் வரையும். இருந்த இடத்திலேயே இருந்தவர்களுக்குக் கோடு ஏது?

காகிதத்தில் சிவப்புக்கோடு மலையில் கிளம்பி, தோட்டத்துக்குப் போய், கீழிறங்கிக் கடலோரத்தில் நின்றது. வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. மாசியில் அந்தக் கரையில் இருந்து அரபு நாட்டுப் பக்கம் காற்று அடிக்கிறது என்று அட்லஸில் அம்பு இருந்தது. பாய்மரக் கப்பலில் வேலைக்குக் கள்ளத்தனமாக ஏறிப் போகிறவர்கள் அந்த நாளில் நிறைய. எனவே துறைமுகத்தில் இருந்து கடலைத் தாண்டி மேற்கே ஒரு புள்ளிக்கோடு போட்டார். மொராக்கோக்காரர் ஊர் திரும்பிய கடல் வழியையே சித்தப்பாவுக்கும் கொடுத்த மாதிரி இருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகையில் ஊர் கூடியது. காகிதத்தைக் களத்தில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். வாத்தியார் ஒவ்வொரு இடமாகக் காட்டிச் சொன்னார். கடலோரம் வரைக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். புள்ளிக்கு வந்ததும் ஊர்க்கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

எங்கள் மலைக்காரர்களுக்குப் படம் என்றால் காட்டிலாகாவின் படம்தான். அதில் கோடு போட்டால் போட்டதுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் மாடு போனால் பட்டியில் அடைப்பார்கள். எங்கள் பாட்டன் காலத்துத் தடங்கள் சிலவற்றை அவர்கள் அடைத்துவிட்டு, படத்தில் அவற்றை வெறும் புள்ளியாக விட்டிருந்தார்கள். காட்டுக் காவலுக்கு வரும் கார்டு அந்தப் படத்தை விரித்துக் காட்டியிருக்கிறார். புள்ளி என்றால் அதில் இனி மனுஷர் நடக்கக்கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

“புள்ளி போட்டுட்டா அது அடைச்ச தடம். அதுல ஆள் நடமாட்டம் இல்ல. பாய் சாரே போட்டுட்டாரு. அவன் இல்ல” என்றார் கவுண்டர். “தாலிய எறக்கிட்டு அந்தப் பொண்ண தாய்வூட்டுக்கு அனுப்புங்க.”

சின்னம்மா அந்த நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

மாமியார்க்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளையும் குறை சொல்லிவிடாதீர்கள். மருமகள் போனால் அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர ஆள் கிடையாது, மகனும் செத்தவனாகிவிடுவான். “புள்ளி புள்ளியா கெடக்கறது காலடிய்யா. எம்புள்ள நடந்துனே கீறான்” என்றாள். பாதிப் பேர் அவள் பக்கம் சாய்ந்தார்கள். பார்த்தால் காலடி மாதிரியும்தான் இருந்தது.

கவுண்டர் வாத்தியாரைப் பார்த்தார். ஊரே பார்த்தது. அவர் சும்மா இருந்திருந்தால் கவுண்டர் சொன்னதே நின்றிருக்கும். ஆனால் அவர் அந்த அட்லஸை மனசார நம்பினவர்.

“இல்லீங்க. புள்ளின்னா செத்துட்டாருன்னு இல்ல, நடந்துனு இருக்காருன்னும் இல்ல. தெரியலன்னு அர்த்தம். கப்பல் ஏறியிருக்கலாம், நல்லாவும் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, சின்னம்மா பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். உன் புருஷனை உனக்கு மீட்டுக்கொடுத்துவிட்டேன் என்கிற புன்னகை. அப்படி ஒரு நல்ல மனுஷன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு தளர்ந்துபோகிறது.

தெரியாது என்றால் தாலியை இறக்க முடியாது, துரும்புக்கும் ஆள் இல்லை, வருகிற அறுப்புக்குப் பார்க்கலாம் என்று கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். மாமியார் உட்கார்ந்தாள். ஆட்கள் கலைய எழுந்தார்கள். சித்தப்பா வருகிற அறுப்புக்கும் வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. அது அப்போது யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் சின்னம்மா களத்தின் நடுவில் வந்து நின்று, நான் முதலில் எழுதினேனே, அதைக் கேட்டாள். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

அவள் குனிந்து சாமைத் தாள் போரில் இருந்து ஒரு துரும்பை உருவினாள். படத்தின் முன்னால் முழங்காலிட்டாள். துரும்பின் ஒரு முனையை அந்தத் துறைமுகத்தின் மேல், சிவப்பு முடிந்து புள்ளி தொடங்குகிற இடத்தில், இடக்கை விரலால் அழுத்திப் பிடித்தாள். அது சித்தப்பா பிடிக்க வேண்டிய முனை. மறுமுனையை வலக்கையில் எடுத்துக்கொண்டு ஊர்க்கவுண்டரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ‘ம்’ சொல்லவில்லை. அவசரம் எதுவும் இல்லாதவள் போல அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானே ‘ம்’ என்று சொல்லிக்கொண்டு துரும்பை முறித்தாள். ஒரு பாதியைக் கடலோரத்திலேயே வைத்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து, எங்கள் வீட்டுப் பக்கமாக நடந்தாள்.